காபிக்குப் பிறகு சொல்லப்பட்ட சேதி

பக்கிரிசாமி இறந்துவிட்டார் என்ற சேதியை என்னிடம் சொன்னபோது நான் இரண்டு இட்லி, ஒரு கரண்டிப் பொங்கல், ஒரு மெதுவடை, ஒரு காபி எல்லாவற்றையும் முடித்துக் கை கழுவியிருந்தேன். வேட்டி முனையில் கையைத் துடைத்துக்கொண்டு திரும்பினால், கல்லாவில் அவருடைய ஒரே மகள் செல்வி எழுந்து நிற்கிறாள்.

"மாமா, அப்பா விடியக்காலைல போயிட்டாரு."

அன்று அந்தக் கடையில் எதுவும் மாறியிருக்கவில்லை. எல்லா மேசையிலும் ஆட்கள் இருந்தார்கள். சாம்பார் வாளி மேசைக்கு மேசை போய்வந்தது. வாசலில் எதிர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவர்கள் பிளாஸ்கை நீட்டிக்கொண்டு வெந்நீருக்கு நின்றார்கள். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது செல்வி வழக்கம்போல, "இன்னொரு வடை வைக்கச் சொல்லவா மாமா?" என்றுகூடக் கேட்டாள். வேண்டாம் என்றேன். வடை எண்ணெய் குடித்திருந்தது. அதையும் சொன்னேன்.

"அப்ப நான் உள்ள வரும்போதே உனக்குத் தெரியுமா?" என்றேன்.

"தெரியும் மாமா."

"வடை வேணுமான்னு கேட்டியே, அப்பவும் தெரியுமா?"

"தெரியும்."

"உங்கப்பா சொல்லிக்கொடுத்த வேலைதானே இது?"

"ஆமா மாமா. மோட்டார்காரர் வெறும் வயித்துல மாத்திரை போட்டுக்கிட்டுப் பஸ் ஏறி வருவாரு, அவருக்குக் காபிக்கு அப்புறம்தான் சொல்லணும்னு நேத்தே சொல்லிட்டாரு."

மோட்டார்காரர் என்பது நான்தான். நான் போட்ட சத்தத்தில் சாம்பார் வாளி நடுவழியில் நின்றது. அடுத்து நடந்ததைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால் அந்த மனிதர் யார், எங்கள் இருவருக்கும் என்ன வழக்கு என்பதைச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் நான் ஏன் கத்தினேன் என்பது யாருக்கும் விளங்காது.

என்னைப் பேச விட்டிருந்தால் இதை நான் எழுதவேண்டிய அவசியம் இருந்திருக்காது. பக்கத்துக் கடைக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து ஓர் இரங்கல் கூட்டம் போட்டார்கள். முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். கடைசிவரை என்னைப் பேசக் கூப்பிடவில்லை. முடிந்த பிறகு கேட்டதற்கு, "நேரம் இல்லைங்க ஐயா, நீங்க ஆரம்பிச்சா மதியச் சாப்பாடு ஆயிடும்" என்று சிரித்தார்கள். அந்த மேடையில் ஒருவர், பக்கிரிசாமிக்கு எப்போதும் சிரித்த முகம் என்றார். இன்னொருவர், பசித்தவருக்கெல்லாம் இலவசமாக அள்ளிக் கொடுத்த வள்ளல் என்றார். இரண்டும் பொய். அந்தக் கடையில் சாப்பிட்ட உங்களுக்கே தெரியும். அவர் சிரித்து நான் பார்த்தது ஒரே ஒரு தடவை. அது ஆஸ்பத்திரிக் கட்டிலில். வெந்நீரைத் தவிர வேறெதையும் அவர் சும்மா கொடுத்தது கிடையாது. ஏன் என்று கேட்டால் சொல்வார்: "சும்மா போட்டா நல்லா இல்லைன்னு சொல்லக் கூச்சப்படுவாங்க. காசு வாங்கினாத்தான் திட்டுவாங்க. திட்டினாத்தான் சட்னி சரியாகும்."

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். எரிந்துபோன மோட்டார்களைப் பிரித்துப் பார்த்துப் பார்த்தே செப்புக் கம்பிக் காயில் கட்டக் கற்றுக்கொண்டவன். எழுத்தையும் அப்படித்தான் கற்றேன். ஆகவே இதில் மேடைப் பேச்சு இருக்காது. நடந்தது இருக்கும்.

கடை எங்கே இருக்கிறது என்று தெரியாதவர்களுக்காக: புத்தூரில், பெரிய ஆஸ்பத்திரிக்கு எதிர்ச்சாரியில் ஒரு சந்து. வெளியில் இருந்து பார்த்தால் கடை என்றே தெரியாது. உள்ளே பளிங்குக்கல் பதித்த மேசைகள். ஒரு மேசைக்கு நாலு பேர். உனக்கு அவரைத் தெரியுமா, அவருக்கு உன்னைத் தெரியுமா என்ற கேள்வியெல்லாம் கிடையாது. இடம் இருக்கும் இடத்தில் உட்கார வேண்டியதுதான். என் பட்டறை அடுத்த தெருவில் இருந்தது. ஸ்ரீரங்கத்திலிருந்து காலையில் பஸ் ஏறிக் காவிரிப் பாலம் தாண்டி வந்து, முதலில் கடை, பிறகு பட்டறை. பட்டறையை விட்டுப் பல வருஷம் ஆன பிறகும் டிபனுக்கு வருவதை நான் விடவில்லை. "ஸ்ரீரங்கத்துல இல்லாத இட்லியா? அதுக்கு ஆத்தைத் தாண்டணுமாப்பா?" என்று என் மகன் இன்றைக்கும் கேட்கிறான். இட்லிக்கு யார் ஆற்றைத் தாண்டுவார்கள்? நான் போனது சண்டைக்கு.

சண்டை இதுதான். ஆஸ்பத்திரிக்கு எதிரில் இருக்கும் கடை என்பதால் அங்கே சாப்பிட வருபவர்களில் பாதிப் பேர் உள்ளே யாரையாவது படுக்கவைத்துவிட்டு வந்தவர்கள். இரவெல்லாம் வராந்தாவில் முழித்திருந்து, காலையில் இன்னொருவரைக் கட்டில் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு, இரண்டு இட்லி தின்ன ஓடி வருவார்கள். அந்த நேரத்தில்தான் உள்ளே ஏதாவது ஆகிவிடும். தகவல் சொல்ல யாராவது கடை வாசலுக்கு ஓடி வருவார்கள். கல்லா வாசலைப் பார்த்துத்தான் இருந்தது. பக்கிரிசாமி அவர்களை நிலைப்படி தாண்ட விடமாட்டார். எழுந்து வெளியே போய், காதோடு கேட்டுக்கொண்டு, சேதி கொண்டுவந்தவரை வெளி பெஞ்சில் உட்காரவைத்து ஒரு காபி கொடுக்கச் சொல்வார். பிறகு உள்ளே வந்து, சாப்பிட்டுக்கொண்டிருப்பவருக்கு இன்னும் ஒரு கரண்டி போடச் சொல்வார். அவர் சாப்பிட்டு, கை கழுவி, காபி குடித்து முடித்த பிறகுதான் பக்கத்தில் போய்ச் சொல்வார். கடையின் சட்டம் அது. "வெறும் வயித்துல கெட்ட சேதியைப் போடக் கூடாது" என்பார். இட்லிக்கு என்ன மாவு என்பதைப்போல அதையும் தொழிலோடு சேர்த்தே வைத்திருந்தார்.

எனக்கு இது ஒரு நாளும் ஒத்துக்கொள்ளவில்லை. ஒருவருடைய சேதி அவருடைய சொத்து. அதை வாசலில் நிறுத்திவைக்க ஓட்டல்காரருக்கு என்ன உரிமை?

ஒரு நாள் என் எதிரில் வையம்பட்டிக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். விவசாயி. அண்ணனைச் சேர்த்திருப்பதாகவும், நேற்று இரவு அவர் கண் விழித்துப் பேசியதாகவும் என்னிடம் சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் வாசலில் அவருடைய மைத்துனர் வந்து நின்றார். பக்கிரிசாமி எழுந்து போனார். என் இருக்கை கல்லாவை ஒட்டியிருந்ததால் பாதி காதில் விழுந்தது, மீதியை முகத்தில் பார்த்தேன். அவர் திரும்பி வந்து, "அந்த மேசைக்குப் பொங்கல், நெய் தாராளமா" என்றார். நான் எழுந்துவிட்டேன்.

"முதலாளி, அவர்கிட்ட சொல்லுங்க."

"உக்காருங்க மோட்டார்காரரே. உங்க வடை ஆறுது."

"நீங்க சொல்லாட்டி நான் சொல்றேன்."

"சொல்லுங்க. சொல்லிட்டு, சாயங்காலம் வரைக்கும் அவரைத் தாங்கிப் பிடிச்சுக்கவும் நீங்களே கூடப் போங்க."

நான் வாய் திறப்பதற்குள் பொங்கல் வந்துவிட்டது. வையம்பட்டிக்காரர் நெய் வாசனையை ஒரு தடவை ரசித்து இழுத்துவிட்டுச் சாப்பிட்டார். அதை என்னால் பார்க்க முடியவில்லை. காபிக்குப் பிறகு பக்கிரிசாமி சொன்னார். அந்த மனிதர் மேசையில் ஓங்கி அடித்தார். "எங்கண்ணன் அங்க கெடக்கான், நீ எனக்கு நெய்யாய்யா ஊத்துற? நீயெல்லாம் மனுஷனா?" என்று கடை அதிரக் கத்தினார். பக்கிரிசாமி கையைக் கட்டிக்கொண்டு முழுவதையும் வாங்கிக்கொண்டார். அந்த மனிதர் ஓடிப்போன பிறகு என் பக்கம் திரும்பி, "பாத்தீங்களா, என்ன குரல்! வெறும் வயித்துல இந்தக் குரல் வருமா?" என்றார்.

"அந்த ஆளு இனிமே இந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்க மாட்டாரு" என்றேன்.

"வர வேணாங்க. இந்தக் கடைக்குத் திரும்பி வர்றவன்னா மறுபடியும் ஆஸ்பத்திரிக்கு வந்தவன்னு அர்த்தம். எவனும் திரும்பி வர வேணாம்."

வையம்பட்டிக்காரர் வரவே இல்லை. என் கட்சிக்கு அதை ஒரு சாட்சியாகவே இன்றும் வைத்திருக்கிறேன்.

இந்தச் சட்டத்துக்கு இன்னொரு குறையும் உண்டு. பழகியவர்களிடம் அது செல்லாது. மண்ணச்சநல்லூர் ராமலிங்கம், கடைக்கு இட்லி அரிசி கொண்டுவந்து போடுபவர், எங்கள் மேசையின் மூன்றாவது ஆள். ஒரு நாள் காலையில் பக்கிரிசாமி அவருக்குப் போன் போட்டு, "டிபன் ஆச்சாங்க?" என்று கேட்டார். மறுமுனையில் கேட்ட அலறல் எங்களுக்கெல்லாம் கேட்டது. "யாருக்கு என்னங்க ஆச்சு? சொல்லிடுங்க, தாங்கிக்கிறேன்!" பக்கிரிசாமி சொல்ல வந்தது, போன மூட்டையில் வண்டு இருந்தது என்பதை. ராமலிங்கம் வீட்டில் அதற்குள் அவருடைய மனைவி அழ ஆரம்பித்துவிட்டார். அன்றைக்கு நான் கல்லா முன்னால் போய் நின்று சொன்னேன்: "முதலாளி, உங்க சட்டம் செத்துப்போச்சு. சாப்பிட்டீங்களான்னு நீங்க கேட்டாலே இப்ப அதுதான் சேதி." அதற்கு அவர், "அப்ப இனிமே நல்ல சேதிக்கும் கேக்கணும். கலந்து கட்டி அடிச்சாத்தான் கண்டுபிடிக்க மாட்டாங்க" என்றார். அன்று முதல் எல்லாரிடமும் எப்போதும் கேட்டார். தெருவில் போகிற தபால்காரரிடம்கூட. மேடையில் பேசியவர்கள் அதைத்தான் அன்பு என்று சொன்னார்கள். அது அன்பு இல்லை, தந்திரம்.

நான் ஏன் இவ்வளவு பிடிவாதமாக இருந்தேன் என்று நீங்கள் கேட்கலாம். அவரும் ஒரு நாள் கேட்டார். டிபன் முடிந்து மேசைகளைத் துடைத்துக்கொண்டிருந்த நேரம். அன்றைக்குத்தான் அவரிடம் சொன்னேன். மீசை அரும்பும் வயதில் நான் கோயம்புத்தூரில் ஒரு மில்லில் எடுபிடி வேலையில் இருந்தேன். ஊரிலிருந்து ஆள் வந்து, அம்மாவுக்கு லேசாக உடம்பு சரியில்லை, ஒரு எட்டு வந்து பார்த்துவிட்டுப் போ என்றார். கரூரில் பஸ் நின்றபோது இறங்கி அம்மாவுக்கு ஆரஞ்சுப் பழம் வாங்கினேன். நன்றாகப் பேரம் பேசினேன். பக்கத்தில் இருந்தவரோடு வழியெல்லாம் சிரித்துப் பேசிக்கொண்டு வந்தேன். ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெரு முனைக்கு வந்தால் பாடைக்கு மூங்கில் பிளந்துகொண்டிருக்கிறார்கள். அந்தப் பழப் பையை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் நின்றது இன்னும் நினைவிருக்கிறது. கூட வந்த ஆளுக்குத் தெரியும். தெருவுக்குத் தெரியும். மகன் ஒருவனுக்குத்தான் தெரியாது. நான் தாங்கமாட்டேன் என்று முடிவு செய்ய அவர்கள் யார்?

பக்கிரிசாமி எழுந்து போய் இரண்டு காபி அவரே ஆற்றிக் கொண்டுவந்து வைத்தார். பிறகு தன் கதையைச் சொன்னார். முசிறிப் பக்கம் அவருடைய ஊர். அவருடைய அப்பா ஒரு விடியற்காலையில் இறந்துபோனார். பையனைத் தூக்கத்திலிருந்து எழுப்பியே சொல்லிவிட்டார்கள். எழவு வீட்டில் பிணம் எடுக்கும்வரை அடுப்பு எரியாது. சின்னப் பிள்ளைகளுக்குப் பக்கத்து வீட்டில் கஞ்சி கொடுத்தார்கள். கொள்ளி வைக்கும் மூத்த பிள்ளை சாப்பிடக் கூடாது என்று இவரை மட்டும் விட்டுவிட்டார்கள். வெளியூர்ச் சொந்தம் வந்து சேர்ந்து எடுக்கும்போது பொழுது சாயும் நேரம். தோளில் தண்ணீர்க் குடத்தோடு சுற்றி வரும்போது கண் இருட்டிக்கொண்டு விழுந்துவிட்டார்.

"குடம் முன்னாடியே உடைஞ்சுபோச்சுங்க. எங்கப்பாவுக்கு நான் கொள்ளி வைக்கலை. பெரியப்பா மகன் வச்சான். எங்கம்மா சாகுற வரைக்கும் அதைச் சொல்லிச் சொல்லி அழுதுச்சு. ரெண்டு இட்லிங்க. ரெண்டு இட்லி உள்ள போயிருந்தா நான் நின்னுருப்பேன்."

"சாப்பிடக் கூடாதுன்னு சொன்னவங்களை எதுத்துக் கேட்டிருக்கணும்" என்றேன்.

"அந்த வயசுலயா? எல்லாரும் உங்களை மாதிரியே பொறப்பாங்களா? தெரிஞ்சப்புறம் சாப்பிட்டாத்தானே தப்பு. தெரியுறதுக்கு முன்னால சாப்பிட்டா அது வெறும் டிபன். யாரும் குத்தம் சொல்ல முடியாது. அதனாலதான் நான் சேதியை வாசல்ல நிறுத்துறேன்."

அவருடைய தர்க்கம் எனக்குப் புரிந்தது. புரிந்ததால் ஒத்துக்கொள்ள வேண்டும் என்று சட்டம் இல்லை. நான் எழுந்து நின்று, "என்கிட்ட மட்டும் இந்த வேலை வேண்டாம். எனக்கு எந்தச் சேதி வந்தாலும், நான் வாயில வச்ச இட்லியோட இருந்தாலும், உடனே சொல்லணும். சத்தியம் பண்ணுங்க" என்றேன்.

"பார்க்கலாம்" என்றார். சத்தியம் பண்ணவில்லை. அதை நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

கடைசி நாட்களில் அவரை எதிரே இருந்த ஆஸ்பத்திரியிலேயே சேர்த்திருந்தார்கள். கடையைச் செல்வி பார்த்துக்கொண்டாள். இருதயம் பலவீனமாகிவிட்டது, இனி செய்வதற்கு அதிகம் இல்லை என்று டாக்டர் செல்வியிடமும் அவளுடைய கணவர் குமாரிடமும் சொன்னார். நானும் பக்கத்தில் நின்றேன். அப்பாவிடம் சொல்ல வேண்டாம் என்று அவர்கள் கெஞ்சினார்கள். நான் நேரே வார்டுக்குள் போனேன். மத்தியானம். அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் கட்டில் பக்கத்திலிருந்த டம்ளரைக் காட்டினார்.

"கஞ்சி குடிச்சாச்சு. முழுசா. டாக்டர் என்ன சொன்னாரு, சொல்லுங்க."

நான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

"மத்தவங்க எல்லாம் பூசி மெழுகுறாங்க. அவங்களைக் கேட்டுப் பிரயோஜனம் இல்லை. நீங்கதான் சொல்லிடுவீங்க. அதுக்குத்தானே உங்களை இத்தனை வருஷம் கடைக்குள்ள விட்டு வச்சேன்? நான் சாப்பிட்டாச்சு. சொல்லுங்க."

சொன்னேன். டாக்டர் சொன்னபடி, ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு அவர் சிரித்தார். நான் பார்த்த ஒரே சிரிப்பு அதுதான். "கஞ்சிக்கு முன்னால சொல்லியிருந்தா குடிச்சிருக்க மாட்டேன்" என்றார். "குடிச்சிருப்பீங்க" என்றேன். "மாட்டேங்க." "குடிக்க வச்சிருப்பேன்." அப்படியே கொஞ்ச நேரம் போனது. பக்கத்துக் கட்டில்காரர் எங்களைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். நான் கிளம்பும்போது, "செல்வியை வரச் சொல்லுங்க, மாவு எவ்வளவு போடணும்னு சொல்லணும்" என்றார். மாவைப் பற்றி மட்டும் அவர் பேசவில்லை என்பது மறுநாள்தான் எனக்குத் தெரிந்தது. இறந்தாலும் காலை டிபனை நிறுத்தக் கூடாது, வராந்தாவில் முழித்தவர்கள் வேறு எங்கே போவார்கள் என்றும், என்னிடம் காபிக்குப் பிறகு சொல்ல வேண்டும் என்றும் உத்தரவு போட்டிருக்கிறார்.

ஆக, மறுநாள் காலை. நான் கத்தினேன் என்று சொன்னேனே, என்ன கத்தினேன் என்பது முழுவதும் நினைவில்லை. உங்கப்பா என்னை ஏமாற்றிவிட்டார், எனக்கு மட்டும் செய்யாதே என்று சொன்னதைத்தான் செய்திருக்கிறார், அவர் அங்கே கிடக்க என்னை உட்காரவைத்து வடை எண்ணெய் குடித்திருக்கிறது என்று குறை சொல்ல வைத்துவிட்டீர்கள் என்றெல்லாம் சொன்னேன். செல்வி தன் அப்பாவைப் போலவே கையைக் கட்டிக்கொண்டு நின்று வாங்கிக்கொண்டாள். நான் மூச்சு வாங்க நிறுத்தியபோது, "அப்பா சொன்னாரு மாமா. நீங்க கத்துவீங்க, கத்துற அளவுக்குத் தெம்பு இருக்கான்னு பாத்துக்கச் சொன்னாரு" என்றாள்.

அப்போதுதான் அவளைச் சரியாகப் பார்த்தேன். உதடு காய்ந்திருந்தது. கட்டிய கையை எடுத்துக் கல்லா மேசையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"உனக்கு எப்படிம்மா தெரிஞ்சுது?"

"எங்க வீட்டுக்காரரு ஆஸ்பத்திரிலேர்ந்து போன் பண்ணினாரு மாமா. எடுத்ததும் சாப்பிட்டியான்னு கேட்டாரு. விடியாத நேரத்துல யாரு மாமா சாப்பிடுவா? அப்பவே தெரிஞ்சுபோச்சு."

"அப்புறம் சாப்பிட்டியா?"

"இல்ல."

"பத்து மணிக்குத்தானே ஆஸ்பத்திரில உடம்பைக் கொடுப்பாங்க? குடம் யார் தூக்குறது?"

"நான்தான் மாமா. நான்தானே ஒரே பிள்ளை. அப்பாவே சொல்லிட்டாரு."

"அப்ப உக்காரு."

"தெரிஞ்சப்புறம் சாப்பிடக் கூடாது மாமா. கொள்ளி வைக்கிறவங்க…"

"உக்காரும்மா!"

சமையலறைக்குள் நானே போனேன். இத்தனை வருஷத்தில் அந்த நிலைப்படியைத் தாண்டியது அன்றுதான் முதல் தடவை. தட்டில் இலை போட்டு இட்லி வைத்துச் சட்னி ஊற்றிக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தேன். எதிரில் உட்கார்ந்துகொண்டேன். கடையில் இருந்தவர்களில் வயதான ஓர் அம்மாள், "சாப்பிடு கண்ணு, யாரு பாக்குறா?" என்றார். நான் அந்த அம்மாளைத் திருத்தினேன். "எல்லாரும்தான் பாக்குறோம். பாக்கட்டும். ஒளிச்சுச் சாப்பிட வேண்டியது இல்லை" என்றேன். பிறகு செல்வியிடம் சொன்னேன்: "உங்கப்பா சட்டம், தெரியாம இருக்கிறவங்களுக்கு. என் சட்டம், தெரிஞ்சவங்களுக்கு. சேதியும் தெரியணும், சாப்பாடும் உள்ள போகணும். அந்த ஊர்ல அன்னிக்கு அப்படி ஒருத்தர் சொல்லியிருந்தா உங்கப்பா விழுந்திருக்க மாட்டாரு."

அவள் ஒரு விள்ளல் எடுத்தாள். கண்ணீர் சட்னியில் விழுந்தது. துடைக்கவில்லை. இரண்டாவது இட்லியின் பாதியில் நிமிர்ந்து, "அப்ப அப்பா சொன்னது சரின்னு ஒத்துக்கிறீங்களா மாமா?" என்றாள்.

"ஒத்துக்கலை. சாப்பிடு."

சாப்பிட்டாள். காபியும் குடித்தாள். பிறகு அவளே ஷட்டரை இறக்கினாள்.

சாயங்காலம் ஓயாமரிச் சுடுகாட்டில் அவள்தான் குடம் தூக்கினாள். பெண் தூக்குவதா என்று முணுமுணுத்த இரண்டு பேருக்கு நான் பதில் சொன்னேன். அந்தப் பதிலை எந்தப் பத்திரிகையும் அச்சில் போடாது. வெயில் இன்னும் இறங்கவில்லை. தரை சுட்டது. நானும் ராமலிங்கமும் இரண்டு பக்கமும் நடந்தோம், விழுந்தால் பிடிக்க. பிடிக்க வேண்டிய வேலையே வரவில்லை. குடம் எங்கே உடைய வேண்டுமோ அங்கேதான் உடைந்தது.

கடை மறுபடியும் திறந்துவிட்டது. செல்விதான் கல்லாவில். வடை இப்போது பரவாயில்லை. வாசலில் சேதியோடு ஆள் வந்தால் அவள் இன்னும் நிலைப்படியில்தான் நிறுத்துகிறாள். நான் இன்னும் எழுந்து நின்று ஆட்சேபிக்கிறேன். "உக்காருங்க மாமா" என்கிறாள். வழக்கு முடியவில்லை. என் கட்சிதான் சரி என்பதில் எனக்கு இன்றும் சந்தேகம் இல்லை.

பக்கிரிசாமியிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது என்ன என்று கேட்டால் ஒன்றுதான் உண்டு. அதையும் எனக்கு ஏற்றபடி மாற்றித்தான் எடுத்துக்கொண்டிருக்கிறேன். முன்னெல்லாம் பேப்பரை ஒரு வரி விடாமல் படித்துவிட்டு, வெயில் ஏறிய பிறகுதான் பஸ் ஏறுவேன். இப்போது விடிந்ததும் கிளம்பிவிடுகிறேன். கடையின் முதல் ஈடு இட்லி எனக்குத்தான். என் வயதில் சேதிகள் வந்துகொண்டேதான் இருக்கும். வரட்டும். என்னிடம் சொல்ல இனி யாரும் வாசலில் நிற்க வேண்டாம், காபி முடியக் காத்திருக்க வேண்டாம், முகத்தை மறைக்க வேண்டாம். நான் சாப்பிட்டாயிற்று. சொல்லுங்கள்.